வட ஃபுளோரிடா குகைகளுக்கு நான் கட்டி வச்சிருக்கற டபுள்ஸ் செட்: எது காசுக்குத் தகும், எதை விட்டுடலாம்

பாண்டிச்சேரியிலயும் அந்தமான்லயும் டைவிங் கத்துக்கிட்டு நல்லா போயிட்டிருக்கற சிலபேர் இப்ப கேவ் கோர்ஸ் (குகை டைவிங் பயிற்சி) பக்கம் பாக்க ஆரம்பிச்சிருக்காங்க, மெசேஜ்ல வர்ற முதல் கேள்வியே எந்த ரெகுலேட்டர் (சிலிண்டர் காத்தை வாய்க்குக் கொண்டுவர்றது) வாங்கலாம் எந்த லைட் வாங்கலாம்னுதான் இருக்கு. நான் இருக்கறது அட்லாண்டா, அங்கிருந்து கார்ல அஞ்சு மணி நேரம் தெக்க ஓட்டினா ஃபுளோரிடாவுல ஹை ஸ்பிரிங்ஸ் ஊர், அதனால லீவு கிடைச்சா ஜின்னி ஸ்பிரிங்ஸ் இல்லன்னா பீக்காக் ஸ்பிரிங்ஸ்ங்கற ஊற்றுக் குகைங்கதான். அங்க நான் போட்டுட்டுப் போற டபுள்ஸ், அதாவது முதுகுல ரெண்டு சிலிண்டரைச் சேத்துக் கட்டற முழு செட்டையும் பத்தி இதுல எழுதறேன். ஒவ்வொரு பொருளுக்கும் தனியா ஸ்டார் குடுக்கறதுல எனக்கு உடன்பாடு இல்ல, ஏன்னா குகைக்குள்ள எந்தப் பொருளும் தனியா வேலை செய்யாது.

கடல்ல கியர் வாங்கறது நம்ம வசதிக்கு. குகையில தலைக்கு மேல கல்லு, என்ன ஆனாலும் நேரா மேல வர முடியாது, போன வழியே திரும்பி நீந்தித்தான் வரணும், அந்த நேரத்துல என்னோட காத்து என் பக்கத்துல வர்றவர் வாயிலயும் போயிட்டிருக்கலாம், லைட்டும் இல்லாம இருக்கலாம், மண்ணு கிளம்பி ஒண்ணும் தெரியாமலும் இருக்கலாம். அதனால கடையில எதைக் கையில எடுத்தாலும் நான் கேக்கறது ஒரே கேள்வி: என் கூட வர்றவர் கண்ணு தெரியாத நிலைமையில கையால தடவியே இதைக் கண்டுபிடிச்சு பயன்படுத்த முடியுமா? முடியும்னா விலையைப் பாக்கலாம். முடியாதுன்னா எவ்வளவு நல்ல பொருளா இருந்தாலும் திருப்பி வச்சிடறேன்.

இது என்னோட கண்டுபிடிப்பு இல்ல. 60கள்லயும் 70கள்லயும் ஃபுளோரிடா ஸ்பிரிங்ஸ்ல நிறைய பேர் செத்திருக்காங்க, ஷெக் எக்ஸ்லிங்கற குகை டைவர் அந்த விபத்துகளை எல்லாம் ஒவ்வொண்ணா எடுத்து அலசி 1979ல எழுதினாரு, வெளிய வரைக்கும் விடாம ஒரு கயிறு, மூணுல ஒரு பங்கு காத்துக்கு மேல உள்ள போக செலவு பண்ணக்கூடாது, ஆழத்துக்கு வரம்பு, இதெல்லாம் அப்பவே வந்தாச்சு, பயிற்சியும் மூணு லைட்டும் பின்னாடி அதோட சேந்தது. கியரை உடம்போட ஒட்டி, தொங்கறது எதுவும் இல்லாம, தேவையில்லாதது ஒண்ணுகூட இல்லாம கட்டற முறைக்கு வில்லியம் ஹோகார்த் மெயின்னு ஒரு ஃபுளோரிடா டைவர் பேரை வச்சு ஹோகார்த்தியன்னு சொல்லுவாங்க. ஃபுளோரிடாவோட வக்கல்லா ஸ்பிரிங்ஸ்ல ரொம்ப ஆழமா, ரொம்ப தூரம் போன குழுக்கள் அதை இன்னும் இறுக்கிப் பிடிச்சாங்க. என் செட்டும் பெரும்பாலும் அந்த வழிதான்.

முதல்ல பேக்பிளேட், முதுகுல சிலிண்டரைத் தாங்கறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு, சுமார் 2.7 கிலோ, அதுல துண்டு போடாத ஒரே நீள வெப்பிங் (பட்டை), அஞ்சு டி-ரிங் (சாமான் மாட்டற வளையம்), காலுக்கு நடுவுல வர்ற க்ராட்ச் ஸ்ட்ராப், அவ்வளவுதான். மொத்தத்துல நான் கண்ணை மூடிட்டு சிபாரிசு பண்றது இது ஒண்ணுதான். போல்ட் துளைகளுக்கு நடுவுல 11 இன்ச் இடைவெளின்னு எல்லா கம்பெனிக்கும் ஒரே அளவு, அதனால எந்த பிராண்ட் தகட்டுலயும் எந்த பிராண்ட் விங்கும் (காத்தடைச்சு மிதக்க வைக்கற பை) உக்காரும், பழசா வாங்கினாலும் கெட்டுப்போக இதுல ஒண்ணும் இல்ல. தோள்பட்டைக்கு மெத்தை வச்சது, இழுத்தா கழண்டு வர்ற பக்கிள் வச்சது எல்லாம் கடையில போட்டுப் பாக்கும்போது சுகமா இருக்கும், ஆனா அந்த பக்கிள் ஒவ்வொண்ணும் உடையறதுக்கு இன்னொரு இடம். வெப்பிங்கை உங்க உடம்புக்கு சரியா அளந்து கட்டினா மெத்தையே தேவைப்படாது. அளக்கறப்ப டிரைசூட்டையும் (தண்ணி உள்ள வராத சூட்) உள்ள போடற துணியையும் போட்டுட்டு நின்னு அளங்க, இல்லன்னா அன்னைக்கு முழுக்க கை பின்னாடி போகாது, கை பின்னாடி போகலன்னா வால்வைத் தொட முடியாது.

விங் விஷயத்துல கொஞ்சம் நின்னு பேசணும், ஏன்னா இங்கதான் நிறைய பேர் பெருசா வாங்கினா பாதுகாப்புன்னு நினைச்சுக்கறாங்க. ரெண்டு 85 (கன அடி) ஸ்டீல் சிலிண்டரை வச்சுக்கிட்டா அதுக்குள்ள இருக்கற காத்தோட எடை மட்டுமே கிட்டத்தட்ட 6 கிலோ வரும், ஆக டைவ் தொடக்கத்துல நீங்க அந்த அளவுக்கு கனமாத்தான் இருப்பீங்க, முடிவுல லேசாயிடுவீங்க. அந்த வித்தியாசத்தையும் கூட கொஞ்சத்தையும் தாங்கற விங் போதும், 40லேர்ந்து 50 பவுண்டு லிஃப்ட் இருந்தா என் செட்டுக்கு சரியா இருக்கு. அதுக்கு மேல பெருசா போனா உள்ள காத்து இங்கேயும் அங்கேயும் ஓடும், தண்ணியில இழுவை அதிகம், ஜின்னியில எதிர்ல வர்ற வேகத்துல அது நல்லாவே தெரியும். சுத்தி ரப்பர் கயிறு கட்டின விங் வேண்டவே வேண்டாம், கிழிஞ்சா அந்த ரப்பரே மீதி காத்தையும் பிதுக்கி வெளிய தள்ளிடும்.

இதோட ஒட்டின இன்னொரு விஷயம், ஸ்டீல் டபுள்ஸும் வெட்சூட்டும் சேரக்கூடாது. 30 மீட்டர்ல வெட்சூட்டோட நியோப்ரீன் ரப்பர் நசுங்கி மிதப்பை இழந்துடும், அப்ப விங் பழுதானா நீந்தி மேல வர முடியாத எடையில இருப்பீங்க. வெட்சூட்னா அலுமினியம் 80, ஸ்டீல்னா டிரைசூட். அலுமினியம் 80 காலியாகும்போது ஒவ்வொண்ணும் கிட்டத்தட்ட 2 கிலோ மிதக்க ஆரம்பிக்கும், அதுக்குத் தகுந்த மாதிரி எடை வச்சுக்கணும். கடையில யாரும் இந்தக் கணக்கைச் சொல்லல. விங் ஒருத்தர் விப்பாரு, சிலிண்டர் இன்னொருத்தர் விப்பாரு, சூட் மூணாவது ஆளு, மூணையும் சேத்துப் பாக்கறது நம்ம வேலை.

சிலிண்டர் நான் வச்சிருக்கறது லோ பிரஷர் ஸ்டீல் 85, ரெண்டையும் இணைக்கற மேனிஃபோல்ட் குழாயும் அதை நடுவுல அடைக்கற ஐசொலேட்டர் வால்வும் போட்டது. பிளஸ் முத்திரையோட (கொஞ்சம் கூட நிரப்பலாம்ங்கற குறி) அதுக்கு அனுமதிச்ச அழுத்தம் 182 பார்தான். அந்த ஏரியாவுல அதுக்கும் நிறைய மேல அடிச்சுக் குடுக்கற பழக்கம் உண்டு, கேவ் ஃபில்னே பேரு வச்சிருக்காங்க, நிறைய பேர் பல வருஷமா அப்படித்தான் போறாங்க. நான் முத்திரை போட்ட அளவோட நிறுத்திக்கறேன், காத்து பத்தலன்னா கூடுதலா ஒரு ஸ்டேஜ் சிலிண்டர் எடுத்துக்கலாம், இல்லன்னா கொஞ்சம் முன்னாடியே திரும்பலாம். கல்லுக்கு அடியில போறதுக்கு முன்னாடியே ஒரு வரம்பை மீறிட்டுப் போறது எனக்கு மனசுக்கு ஒப்பல. வால்வு டின் டைப்தான் (ரெகுலேட்டரை உள்ள திருகறது) வேணும், யோக் (மேல கவ்வறது) வேண்டாம், கூரையில இடிச்சா யோக் நகர்ந்து ஓ-ரிங் பிதுங்க வாய்ப்பு இருக்கு.

இப்ப ரெகுலேட்டர். நான் ரெண்டு ஏபெக்ஸ் டிஎஸ்4 ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் (வால்வுல மாட்டற பாகம்) வச்சிருக்கேன், சின்னது, சீல் பண்ணினது, ஹோஸ் எல்லாம் ஒழுங்கா கீழ் நோக்கி இறங்குது, சர்வீஸ் பண்ற ஆளும் சுலபமா கிடைக்கறாங்க. எனக்குத் திருப்தி. ஆனா உண்மையைச் சொல்லணும்னா நல்ல கம்பெனிங்களோட பேலன்ஸ்டு (சிலிண்டர் அழுத்தம் குறைஞ்சாலும் ஒரே மாதிரி காத்து குடுக்கற) ரெகுலேட்டர் எதுவா இருந்தாலும் குகைக்குப் போதும், காசை அங்க அள்ளிக் கொட்டவேண்டாம். எந்த ஹோஸ் எந்தப் பக்கம் போகுது, எவ்வளவு நீளம்ங்கறதுதான் ரெகுலேட்டரோட பேரைவிட பத்து மடங்கு முக்கியம்.

வலது போஸ்ட்ல (வலது சிலிண்டரோட வால்வுல) நான் மூச்சு விடற ரெகுலேட்டர், 7 அடி ஹோஸ், அதாவது 2.1 மீட்டர். சிலிண்டரை ஒட்டி வலது பக்கமா இறங்கி, இடுப்புல இருக்கற லைட் கேனிஸ்டருக்கு (பேட்டரி டப்பா) அடியில சொருகி, நெஞ்சுக்குக் குறுக்கா ஏறி, கழுத்துக்குப் பின்னாடி சுத்தி வாய்க்கு வரும். அதே போஸ்ட்ல விங்குக்குக் காத்து விடற இன்ஃப்ளேட்டர். இடது போஸ்ட்ல பேக்கப் ரெகுலேட்டர், சின்ன ஹோஸ், கழுத்துல ரப்பர் கயிறு போட்டு தாடைக்குக் கீழேயே தொங்கும், கை வைக்காமலே தலையைக் குனிஞ்சு வாயில பிடிச்சுக்கலாம். பிரஷர் கேஜும் இடது பக்கம், இடது இடுப்பு டி-ரிங்ல மாட்டினது, கன்சோல் எதுவும் கிடையாது.

ஏன் இப்படின்னா, கூட வர்றவருக்கு காத்து போச்சுன்னா நான் குடுக்கறது என் வாயில இருக்கறதை. அது வேலை செய்யுதுன்னு எனக்கு நிச்சயமாத் தெரியும், இருக்கற ஆழத்துக்கு சரியான காத்துன்னும் தெரியும், எங்க இருக்குன்னு அவரும் தேட வேண்டியதில்ல. குறுகலான இடத்துல ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல போக முடியாது, ஒருத்தர் பின்னாடி ஒருத்தர்தான், அதுக்குத்தான் அந்த 2.1 மீட்டர். சாதாரண ஆக்டோபஸ் (உதிரி ரெகுலேட்டர்) ஹோஸ்ல அந்த இடத்தைத் தாண்டவே முடியாது. ஆக என் செட்லயே முக்கியமான ஹோஸ் எனக்காக வாங்கினது இல்ல, பக்கத்துல வர்றவருக்காக வாங்கினது. காசு குறைவா இருந்தா கம்ப்யூட்டர்ல குறைங்க, இதுல குறைக்காதீங்க, நல்ல ரப்பர் ஹோஸ் வாங்குங்க. பின்னல் போட்ட ஹோஸ் லேசாத்தான் இருக்கு, சிலது தண்ணியில மிதக்குது, எனக்கு ரப்பரே பிடிச்சிருக்கு, நெஞ்சுல அப்படியே படிஞ்சு கிடக்கும்.

எது எந்த போஸ்ட்லங்கறதுக்கும் காரணம் இருக்கு. முன்னாடி நீந்தறப்ப தலைக்குப் பின்னாடி இருக்கற வால்வு கூரையில உரசினா இடது பக்கம் மூடற திசையில சுத்தும், வலது பக்கம் திறக்கற திசையில சுத்தும். அதனாலதான் வாயில இருக்கற ரெகுலேட்டரும் இன்ஃப்ளேட்டரும் வலது பக்கம். இடது போஸ்ட் தெரியாமலே மூடிக்கிட்டா பேக்கப்ல காத்து வராது, கேஜ் முள்ளும் நகராம நிக்கும், அதனால கூரை தாழ்வா இருக்கற இடம் தாண்டினதும் வால்வை ஒரு தடவை தொட்டுப் பாத்துக்கற பழக்கம் வேணும். கேஜ், லைட், ரெகுலேட்டர் எல்லாத்துலயும் போல்ட் ஸ்னாப் கொக்கியைக் கயிறு வச்சுக் கட்டுங்க, இரும்போட இரும்பு சேரக்கூடாது, சிக்கினா கயிறை வெட்டிடலாம், இரும்பை என்ன பண்ணுவீங்க? அமுக்கினா உள்பக்கமா திறக்கற கொக்கி இருக்கு பாருங்க, மலையேறறவங்க வச்சிருக்கற மாதிரி, அதைக் குகைக்குக் கொண்டுவரவே கூடாது, கயிறு தானா உள்ள போய் மாட்டிக்கும்.

லைட்டுக்குத்தான் என் காசு அதிகமா போயிருக்கு, அதுல வருத்தமும் இல்ல. பிரைமரி ஒண்ணு, பேக்கப் ரெண்டு, மூணும் இல்லாம உள்ள போகக்கூடாது. முன்னாடி எல்லாம் எச்ஐடி பல்பு, கீழ போட்டா போச்சு, அணைச்சா உடனே திரும்பப் பத்திக்காது, இப்ப எல்லாமே எல்இடி, லித்தியம் பேட்டரி, அந்தக் கவலை போயிடுச்சு. நிறைய பேர் லூமன் (வெளிச்ச அளவு) எண்ணைப் பாத்து வாங்கறாங்க, நான் பாக்கறது ஒளிக்கற்றை எவ்வளவு குறுகலா இருக்குன்னுதான். குகையில லைட் என் கண்ணுக்கு மட்டும் இல்ல, பேசறதே லைட்லதான். முன்னாடி போறவர் பாக்கற சுவத்துல என் லைட் வட்டம் நிதானமா நகர்ந்தா நான் நல்லா இருக்கேன்னு அர்த்தம், வேகமா பக்கவாட்டுல ஆடினா அவசரம்னு அர்த்தம். அகலமா பரவற வீடியோ லைட்ல அந்த வட்டமே தெரியாது, எத்தனை லூமன் இருந்தாலும் என் கூட வர்றவருக்கு நான் ஊமைதான். கை மேல மாட்டற குட்மேன் கைப்பிடியோட இருக்கட்டும், விரல்கள் கயிறு சுத்தற ரீலுக்கு சும்மா இருக்கணும். நான் இடுப்பு கேனிஸ்டர் வச்சதைப் பயன்படுத்தறேன், கம்பியில்லாத கைப்பிடி லைட்டும் இப்ப நல்லா வந்தாச்சு, ஆனா நீள ஹோஸை சொருகி வைக்க அந்த கேனிஸ்டர் உதவுதுங்கறதால மாத்தல. பேக்கப் ரெண்டும் லைட்டோட தலையைத் திருகினா எரியற டைப், தோள் டி-ரிங்ல மாட்டி வெப்பிங்கை ஒட்டி ரப்பர் வளையத்துல. பக்கத்துல ஸ்விட்ச் வச்ச ஒண்ணு வாங்கிப் பாத்தேன், எங்கயாவது பட்டுத் தானா எரிஞ்சு பேட்டரி தீந்துபோயிடுது, எந்தக் கம்பெனியா இருந்தாலும் அந்த வகையே வேண்டாம்.

ரீல் டைவ் ரைட் வச்சிருக்கேன், லேக் சிட்டியில இருக்கற கம்பெனி, குகை டைவர்களே 1984ல ஆரம்பிச்சது, அது கையில பிடிக்கும்போதே தெரியும், தேவையில்லாதது ஒண்ணும் கிடையாது, சிக்கினாலும் கையாலயே பிரிச்சு எடுத்துடலாம். திறந்த தண்ணியிலேர்ந்து குகையோட நிரந்தரக் கயிறு வரைக்கும் பிரைமரி ரீல். ஒரு பாதையிலேர்ந்து இன்னொண்ணுக்குத் தாவ ஜம்ப் ஸ்பூல், கயிறையோ கூட வர்றவரையோ தொலைச்சா தேட ஆளுக்கு ஒரு சேஃப்டி ஸ்பூல், 45 மீட்டர் கயிறோட. ஸ்பூல்ல சுத்தற பாகமே இல்ல, கெட்டுப்போறதுக்கு ஒண்ணும் கிடையாது, விலையும் கம்மி, அதனால ஸ்பூலுக்கு முழு மார்க். கூட அம்புக்குறி மார்க்கர், அது வெளிய போற பக்கம் காட்டணும், வட்டமா இருக்கற குக்கி மார்க்கர் திசை காட்டாது, நம்ம ஆளுங்க இந்த இடத்தைத் தாண்டினாங்கன்னு மட்டும் சொல்லும். இருட்டுல விரலால தடவினாலே எந்தப் பக்கம் வாசல்னு தெரியறதுதான் அம்போட வேலை, கலர் அழகுக்கு வாங்காதீங்க, உங்க பேரை எழுதி வச்சுக்கங்க.

கம்ப்யூட்டர் ஷியர்வாட்டர் பெர்டிக்ஸ் 2. எழுத்து பெருசு, சாதாரண ஏஏ பேட்டரி போட்டாலே ஓடுது, டீகோவுக்கு (மேல வர்றப்ப நின்னு நின்னு வர்றது) பூல்மன் கணக்கு, கிரேடியன்ட் ஃபேக்டரை, அதாவது எவ்வளவு எச்சரிக்கையா இருக்கணும்ங்கறதை, நாமளே வச்சுக்கலாம். ஆயிரம் டாலருக்கு மேல ஆகுது, வாங்கினவங்க யாரும் வித்து நான் பாத்ததில்ல. சிலிண்டர் அழுத்தத்தை ரேடியோவுல காட்டற வசதி இருக்கு, ஆனா முள் வச்ச கேஜை நான் கழட்டல. காசு இல்லன்னா ஆழமும் நேரமும் காட்டற ஒரு பாட்டம் டைமரும் எழுதி வச்ச அட்டவணையும் கோர்ஸுக்குப் போதும்.

மாஸ்க் கறுப்பு, கூட ஒண்ணு பாக்கெட்ல. ஸ்நோர்கல் கிடையாது. ஃபின் கனமான ரப்பர் ஜெட் ஃபின், ஸ்பிரிங் ஸ்ட்ராப், டிரைசூட்ல மேல எழும்பற காலை அது கீழ அமுக்கி வைக்கும். பின்னால வெட்டு விட்ட ஸ்பிளிட் ஃபின்ல தவளை உதை வராது, பின்னோக்கி நகரவும் முடியாது. கத்தி சின்னதா வயித்துப் பெல்ட்ல, ரெண்டு கைக்கும் எட்டற இடத்துல, காலுல கட்டற பெரிய கத்தி வேண்டாம். தண்ணி வருஷம் பூரா 22 டிகிரி பக்கம், கேக்கறப்ப வெதுவெதுப்பாத் தோணும், ஒன்றரை மணி நேரம் கழிச்சு டீகோவுல அசையாம நின்னு பாருங்க, டிரைசூட் ஏன்னு புரியும்.

பீக்காக்ல ஓட்டம் ரொம்பக் கம்மி, அடியில இருக்கற வண்டல் பொடி மாதிரி, ஒரு தப்பான உதை போதும் எல்லாம் கஞ்சித் தண்ணி ஆயிடும், அது அடங்க ரொம்ப நேரம் பிடிக்கும். ஜின்னியில டெவில்ஸ் இயர் வழியா இறங்கினா தண்ணி முகத்துல அடிக்கும், பாறையைப் பிடிச்சு இழுத்துத்தான் உள்ள போகணும், திரும்பி வர்றப்ப அதே ஓட்டம் கொண்டாந்து விடும். இது காத்துக் கணக்கையே மாத்துது. 180 பார்ல ஆரம்பிச்சா 120ல திரும்பறதுதான் மூணுல ஒண்ணு. ஜின்னியில ஓட்டம் உங்க பக்கம் இருக்கறதால அது கொஞ்சம் தாராளம். பீக்காக்ல கடைசி முனையில ஒருத்தருக்கு காத்து போச்சுன்னா, ரெண்டு பேரும் பதட்டப்படாம அதே வேகத்துல மூச்சு விட்டாத்தான் வாசல் வரைக்கும் சரியா வரும், அந்த நேரத்துல யாரும் அப்படி மூச்சு விடமாட்டாங்க. அதனால ஓட்டம் இல்லாத குகையில நான் மூணுல ஒண்ணுக்கும் முன்னாடியே திரும்பிடறேன். நல்ல கியர் வாங்கிட்டா இன்னும் கொஞ்ச தூரம் போகலாம்னு தோணும், அந்த நினைப்புக்கு காசு குடுத்து வாங்கற பொருள் எதுவும் மருந்து கிடையாது.

சைடுமவுண்ட் எடுத்துக்கலாமான்னு கேக்கறவங்களுக்கு: தாராளமா. மெக்சிகோவுல டுலும் பக்கத்து செனோட்டேக்கள்ல (தண்ணி நிறைஞ்ச குகைக் குழிங்க) ரொம்பப் பேர் அலுமினியம் 80 ரெண்டைப் பக்கத்துல மாட்டிட்டுத்தான் போறாங்க, தண்ணி சுமார் 25 டிகிரி, கூரை தாழ்வு. வால்வு கண்ணு முன்னாடி இருக்கும், முதுகுல பாரம் கிடையாது, ஒவ்வொரு சிலிண்டரா தண்ணிக்குத் தூக்கிட்டுப் போகலாம், முதுகு வலி உள்ளவங்களுக்கு அது பெரிய விஷயம். இன்னொரு நன்மை, மேனிஃபோல்ட் போட்ட டபுள்ஸ் நம்ம ஊர் கடைகள்ல கிடைக்கறது கஷ்டம், தனித்தனி சிலிண்டர் ரெண்டு எங்கயும் கிடைக்கும், ஊர்லயே பயிற்சி பண்ணிக்கலாம். ஆனா ரெண்டு பக்கமும் காத்து சமமா இறங்க அடிக்கடி ரெகுலேட்டர் மாத்திக்கிட்டே இருக்கணும், கூட வர்றவருக்கு எந்த நேரம் நீள ஹோஸ் என் வாயில இருக்கு எந்த நேரம் டி-ரிங்ல இருக்குன்னு தெரிஞ்சிருக்கணும். என்னோட கேள்வியை வச்சுப் பாத்தா டபுள்ஸ் இதுல ஒரு படி மேல. டீம்ல எல்லாரும் ஒரே மாதிரி இருந்தா இன்னும் நல்லது.

ஃபில் போடற கடையை எப்படிப் பாக்கணும்னா, நைட்ராக்ஸ் 32 (32 சதவீதம் ஆக்சிஜன் கலந்த காத்து) வாங்கறப்ப அனலைசரை உங்க கையில குடுத்து நீங்களே அளந்து டேப்ல எழுத விடறாங்களான்னு பாருங்க. 30 மீட்டர்ல 32க்கு ஆக்சிஜன் அழுத்தம் 1.28 பார்தான் வரும், ஆபத்து வரம்புக்கு நல்ல இடைவெளி இருக்கு. டீகோவுக்கு ஆக்சிஜன் வாங்கினா சிலிண்டர் மேல 6ன்னு பெருசா, பக்கத்துல வர்றவர் படிக்கற மாதிரி எழுதியிருக்கணும், ஏன்னா அதை 6 மீட்டருக்குக் கீழ வாயில வச்சா வலிப்பு வரலாம், தப்பா எடுத்தீங்கன்னா தடுக்க வேண்டியவர் அவருதான். ஹை ஸ்பிரிங்ஸ் பக்கத்துக் கடைங்க இதுல நல்ல ஒழுங்கு, கேவ் கார்டு கேக்காம எனக்கு யாரும் குகைக்கான விஷயம் பேசினதில்ல, அது எனக்குப் பிடிச்சிருக்கு. வேற ஊர்ல ஒரு கடையில அளக்கத் தேவையில்ல நாங்க பாத்துட்டோம்னு சொன்னாங்க, சிலிண்டரைத் திருப்பி எடுத்துட்டு வந்துட்டேன்.

வாங்கற வரிசை கேட்டா, பேக்பிளேட், விங், ஹோஸ் மாத்தின ரெகுலேட்டர் செட், ரெண்டு பேக்கப் லைட், ஸ்பூல், இவ்வளவு சொந்தமா இருந்தா போதும், சிலிண்டரும் பிரைமரி லைட்டும் முதல் கோர்ஸுக்கு வாடகைக்கே எடுங்க. எதையும் வாங்கறதுக்கு முன்னாடி உங்க இன்ஸ்ட்ரக்டர்கிட்ட ஒரு போன் பண்ணிக் கேட்டுடுங்க, ஒவ்வொருத்தர் ஹோஸ் நீளம் வெப்பிங் அளவுன்னு சின்னச் சின்னதா வேற சொல்லுவாங்க, அவங்க டீமோட ஒத்துப்போற மாதிரி கட்டிக்கிட்டா முதல் நாளே வேலை சுலபம். டபுள்ஸ்ல புதுசா கட்டினவங்க வீட்டுல கண்ணைக் கட்டிக்கிட்டு உங்க செட்டையும் பார்ட்னர் செட்டையும் தடவி ஒவ்வொரு வால்வு, லைட், கத்தி எங்க இருக்குன்னு சொல்லிப் பாருங்க, தடுமாறற பொருள் எதுவோ அதோட இடத்தை மாத்துங்க, கோர்ஸுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடியே.